கோஸ்டான் பரமசிவம்

என் வீட்டுக்காரர் பரமசிவத்தைப் படமாக வரையக் கிளம்பியது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் என் நாத்தனார் அழுதார், எதிர்வீட்டு லிம் அங்கிளின் காப்பி கொட்டியது, ஜோகூரிலிருந்து துக்கம் கேட்டு போன் வந்தது. எல்லாப் பழியும் என் தலையில் விழுந்தது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். இவரிடம் விட்டால் பாதியை வாயாலும் மீதியைக் கையாலும் சொல்வார், ஒருவருக்கும் புரியாது.

இவருக்கு வேலை லிட்டில் இந்தியாவில், ஒரு பழைய கடைத்தொகுதியின் பின்பக்கச் சந்தில். காய்கறி, அரிசி, பூ, மீன் எல்லாம் அங்கேதான் லாரியில் வந்து இறங்கும். அந்தச் சந்து இருக்கிறதே, ஒரு லாரி நுழைந்தால் பக்கத்தில் பூனைகூடப் போக முடியாது. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் மின்சாரப் பெட்டி. உள்ளே திருப்ப இடமில்லாததால் லாரி பின்பக்கமாகத்தான் வரவேண்டும். அதை எங்கள் ஊரில் கோஸ்டான் என்போம். ஒன்பது வருஷம் லாரியில் மூட்டை இறக்கிய பிறகு, இருபத்து நாலு வருஷமாக அந்தச் சந்துக்குள் லாரிகளைக் கோஸ்டான் சொல்லிக் கொண்டுவருவது இவர்தான். மார்க்கெட் பக்கம் போய்ப் பரமசிவம் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். கோஸ்டான் அண்ணன் என்றால் தெரியாதவர் இல்லை.

வாயில் விசில், தோளில் துண்டு. இடது கால் சாக்கடை விளிம்பில் இருக்கும், வலது கால் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாது. ஒரு கை வட்டமாகச் சுற்றும். இன்னொரு கை, சுவருக்கு இன்னும் எத்தனை இஞ்ச் என்று விரலால் காட்டும். “கோஸ்டான், கோஸ்டான், லகி, லகி, சிக்கிட்... இஸ்டாப்!” மலாய்க்காரர், சீனர், நம்ம ஆள், பங்களாதேஷ் தம்பி, எந்த டிரைவர் வந்தாலும் அந்த ஒரு பாஷை போதும். லகி என்றால் இன்னும், சிக்கிட் என்றால் கொஞ்சம். ஒரு லாரியும் எங்கேயும் உரசியதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். மின்சாரப் பெட்டியின் மூலை ஒருமுறை நசுங்கிய கதையை மட்டும் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

வீட்டிலும் அதே கூத்துதான். குழம்புச் சட்டியை நான் மேசையில் வைக்கப் போனால் “சிக்கிட், சிக்கிட்” என்று கை காட்டுவார். எங்கள் மகன் கபிலனின் கல்யாணத்தில் பெண்ணை மணவறைக்கு அழைத்து வந்தார்கள். இவர் அவளுக்கு முன்னால் பின்புறமாக நடந்துகொண்டே இரண்டு கையாலும் வழி காட்டி, கடைசியில் உள்ளங்கையை நீட்டி நிறுத்தினார் பாருங்கள், அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். ஐயரும் மந்திரத்தை நிறுத்திவிட்டார். எனக்கு மானம் போயிற்று.

நான் நேர் எதிர். சிராங்கூன் ரோட்டில் ஒரு போட்டோ கடையில் இருபத்தொன்பது வருஷம் பாஸ்போர்ட் படம் எடுத்தவள். நேராப் பாருங்க, சிரிக்காதீங்க, காது தெரியணும், ஆடாதீங்க. ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன். இவரும் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்தான். ஏழு தடவை எடுத்தேன், ஏழிலும் ஆடிவிட்டார். எட்டாவது தடவை நான் போட்ட சத்தத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த மாசம் பெண் கேட்டு வந்தார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் போன வருஷம் நெஞ்சுவலி. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு வாரம் ஓய்வு எடுக்கட்டும், பிறகு பழைய வேலைக்கே போகலாம், நடப்பது ரொம்ப நல்லது என்று டாக்டர் சொன்னார். நான் அந்த ஆறு வாரத்தை ஒரு வருஷமாக்கினேன். இவருடைய சூப்பர்வைசர் நடேசனுக்கு நானே போன் போட்டு, காவலாளி அறையில் கேமரா திரையைப் பார்க்கிற நாற்காலி வேலைக்கு மாற்றச் சொன்னேன்.

“அவரு இல்லாம லாரிய எப்படிக்கா உள்ள கொண்டு வர்றது?” என்று நடேசன் முனகினார்.

“ஒரு லாரி போனா இன்னொரு லாரி வரும். எனக்கு இவர் ஒருத்தர்தான்” என்று போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு வீடு அமைதியானது. காலையில் நல்ல பிள்ளையாகக் கிளம்புவார், சாயங்காலம் வந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு டிவி பார்ப்பார். இன்னிக்கு என்ன செஞ்சீங்க என்று கேட்டால், “உக்காந்தே இருந்தேன் லா” என்பார். குழம்புச் சட்டியை நான் எப்படி வைத்தாலும் ஒரு வார்த்தை வராது. மனுஷன் ஒரு வழியாகப் பக்குவப்பட்டுவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

நான் வேலையை விட்டபின் பொழுது போகட்டும் என்று கபிலன் பணம் கட்டி, புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டான். மனித உருவம் வரைகிற வகுப்பு. வாத்தியார் யதீசன், முப்பது வயசுகூட இருக்காது, கூந்தலைக் கொண்டை போட்டிருப்பான். வகுப்பில் ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் போய் நிற்கவேண்டும். குனிவது, எட்டி எடுப்பது, பஸ்ஸுக்கு ஓடுவது என்று ஏதாவது செய்யவேண்டும். மற்றவர்கள் முப்பது விநாடிக்குள் வரையவேண்டும். முப்பது விநாடியில் நான் ஒரு புருவம் முடித்திருப்பேன். அழகான புருவம்.

“ஆண்ட்டி, ஆள வரையாதீங்க. ஆள் என்ன செய்றார்னு வரைங்க” என்பான் யதீசன்.

“அவர் சும்மாத்தானே தம்பி நிக்கிறாரு?”

“சும்மா யாருமே நிக்க மாட்டாங்க ஆண்ட்டி. வெயிட் எந்தக் கால்ல இருக்கு பாருங்க.”

“அதுக்குத் தராசுதான் கொண்டு வரணும்” என்றேன். வகுப்பு சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. முதலில் தலையிலிருந்து பாதம் வரை ஒரே வீச்சில் ஒரு கோடு இழுக்கச் சொன்னான். அது வளைந்துதான் இருக்கும். இடுப்பு ஒரு பக்கம் ஏறினால் தோள் அந்தப் பக்கம் இறங்கும். தலை எந்தக் காலுக்கு மேலே வருகிறதோ, அந்தக் கால்தான் ஆளைத் தாங்குகிறது. மூக்கு, முழி எல்லாம் அப்புறம். இதெல்லாம் காதில் விழுந்தது, கையில் இறங்கவில்லை. நான் வரைந்த ஆட்கள் எல்லாரும் விளக்குக் கம்பம் மாதிரி நின்றார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு காதும் சரியாகத் தெரிந்தது.

இந்த லட்சணத்தில், இவருக்கு அறுபது வயசு நெருங்கியது. இவருடைய அக்கா சரோஜினி, எனக்கு அண்ணி, உட்லண்ட்ஸில் இருக்கிறார். கோயிலில் அறுபதாம் கல்யாணம், சாயங்காலம் தன் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் விருந்து என்று அவரே முடிவு செய்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். “வாசல்ல வைக்க நானே இவர் படத்த வரைஞ்சு தர்றேன் அண்ணி” என்று வாயைக் கொடுத்தேன். அண்ணி அதைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். இனிப் பின்வாங்க முடியாது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை இவரை நாற்காலியில் உட்காரவைத்து வரைந்தேன். தலையைப் படிய வாரி, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, கையை முழங்காலில் வைத்து உட்கார்ந்தார். ஆடாதீங்க என்று சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. மச்சம் முதல் சட்டைப் பொத்தான் வரை ஒன்று தப்பவில்லை. தங்க நிறச் சட்டம் போட்டு வாங்கி வந்தேன். எங்கே மாட்டுவது? எங்கள் வீட்டுச் சுவர் காங்கிரீட், ஆணி அடிக்க முடியாது. கூடத்தில் மாமனார் படமும் மாமியார் படமும் மாலையோடு தொங்குகின்றன. பக்கத்தில், பழைய கடிகாரம் மாட்டியிருந்த ஆணி காலியாக இருந்தது. அளவும் கச்சிதமாகப் பொருந்தியது. மாட்டினேன். கீழே எரிகிற சிவப்பு விளக்கின் வெளிச்சம் இவர் முகத்திலும் அழகாக விழுந்தது.

எங்கள் இரும்புக் கதவு காற்றுக்குத் திறந்தே இருக்கும். காப்பி ஊற்றிய பிளாஸ்டிக் பையை விரலில் மாட்டிக்கொண்டு லிம் அங்கிள் போனார். போனவர் திரும்பி வந்தார். வாசலில் நின்று படத்தைப் பார்த்தார், கைகூப்பினார், மூன்று முறை தலை குனிந்தார்.

“நேத்துகூட லிஃப்ட்ல பார்த்தேனே” என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

நான் பதில் சொல்வதற்குள் இவர் குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு கூடத்துக்கு வந்தார். லிம் அங்கிள் “ஐயோ!” என்று கத்தியது கீழே மூன்று மாடிக்குக் கேட்டிருக்கும். காப்பி பூராவும் என் வாசற்படியில்.

அதையும் நான் சிரித்துத் தள்ளினேன். சாயங்காலம் அண்ணி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர், “ஐயோ தம்பி!” என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார். தம்பி பக்கத்திலேதான் நிற்கிறார், அவரைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

“என்ன சரசு செஞ்சு வெச்சிருக்கே! ஒரு மாலதான் பாக்கி! கீழ்த்தளத்து வாசல்ல இத வெச்சா வர்றவங்க வாழ்த்துவாங்களா, துக்கம் கேப்பாங்களா?”

அந்தக் கீழ்த்தளத்தில் ஒரு வாரம் கல்யாணம் நடக்கும், மறுவாரம் சாவுச் சடங்கு நடக்கும். வாசலில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்வார்கள். அண்ணி சொன்னது நியாயம். போதாக்குறைக்குக் கபிலன், பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை நம்பி, வாட்ஸ்அப் அழைப்பில் ‘அப்பாவின் படத்திறப்பு’ என்று அடித்து அனுப்பியிருந்தான். செத்தவருக்குத்தான் படத்திறப்பு வைப்பார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? ஜோகூரிலிருந்து இவருடைய சித்தப்பா மகன் அழுதுகொண்டே போன் செய்தார். இவரே எடுத்து, “இல்ல லா, நான்தான் பேசறேன், இன்னும் இருக்கேன்” என்று சமாதானம் சொன்னார்.

“விருந்துக்கு மூணு வாரம் இருக்கு. உயிரோட இருக்கிற ஆள் மாதிரி வரை. முடியாதுன்னா விட்டுடு, கடையில ஒரு போட்டோ போட்டுக்கலாம்” என்று சொல்லி, காப்பிகூடக் குடிக்காமல் அண்ணி போனார்.

மறுநாள் இவர் வேலைக்குப் போனபின் படத்தைக் கழற்றி, சோபாவில் சாத்திவைத்து, எதிரே உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த முகத்தை நான் இதற்கு முன் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில், ஸ்டென்ட் வைத்துவிட்டு வெளியே கொண்டுவந்தபோது. முப்பத்து மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் இவர் கை ஆடாமல் கிடந்ததைப் பார்த்தேன். அந்தக் கட்டிலைத்தான் நிமிர்த்தி வரைந்திருக்கிறேன். குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் யாரும் இல்லை, எதற்குத் தண்ணீரைத் திறந்தேன் என்று தெரியவில்லை.

படத்தை யதீசனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

“டிராயிங் சூப்பர் ஆண்ட்டி. ஆனா அங்கிள் எங்க?”

“அதானே தம்பி என் கேள்வியும்.”

“அங்கிள் எப்ப அங்கிளா இருப்பார்? நடக்கும்போதா, பேசும்போதா?”

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதை நானே பூட்டி வைத்திருக்கிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? கை பழகட்டும் என்று அவன் வீட்டுப்பாடம் கொடுத்தான். கூட்டமாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்து ஐம்பது பேரை வரையவேண்டும். ஆளுக்கு முப்பது விநாடி, அழிரப்பர் கூடாது, முகமும் கூடாது.

கூட்டம் என்றால் சனிக்கிழமை காலைத் தேக்கா மார்க்கெட்தான். ஒரு நோட்டும் தடித்த பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். முருங்கைக்காய் பொறுக்குகிற அம்மா, மீன் வெட்டுகிறவர், தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு யாரையோ ஏசுகிற ஆண்ட்டி. முதல் இருபது பேர் கம்பமாகவே நின்றார்கள். பிறகு ஒரு ஆள் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றினார். மூட்டை ஒரு பக்கம் அழுத்த, இடுப்பு மறுபக்கம் போனது. என் கோடும் தானாக வளைந்தது. அட! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இருபத்தெட்டாவது ஆளை முடித்தபோது தொண்டை காய்ந்தது. பக்கத்திலேயே, இவர் வேலை செய்கிற பின்பக்கச் சந்து முனையில் இருக்கிற காப்பிக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். இவர் காவலாளி அறையில் இருப்பார், மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம் என்று எண்ணம். காப்பி வந்தது. கூடவே ஒரு விசில் சத்தமும் வந்தது.

அந்த விசிலை நான் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன்.

எட்டிப் பார்த்தேன். சந்துக்குள் ஒரு மீன் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. சாக்கடை விளிம்பில், தோளில் துண்டோடு, என் புருஷன்! “கோஸ்டான், கோஸ்டான், லகி, லகி!” காவலாளி அறையில் உக்காந்தே இருக்கிறாராம்! என்ன நெஞ்சழுத்தம்! எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. போய்ச் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று எழுந்தேன்.

எழுந்தவள் நின்றுவிட்டேன். உடம்பு முழுதும் இடது காலில் இருந்தது. இடுப்பு சாக்கடைப் பக்கம், தோள் லாரிப் பக்கம், தலை சரியாக அந்த இடது பாதத்துக்கு மேலே. வலது கால் காற்றில். குதிகாலிலிருந்து உச்சந்தலை வழியாக விரல் நுனி வரை ஒரே கோடு. என் பென்சில் ஓடிவிட்டது. ஏசிக்கொண்டேதான் வரைந்தேன், பொய்க்கார மனுஷா, திருட்டு மனுஷா, வீட்டுக்கு வா, என்று வாய் ஒரு பக்கம் போக, கை ஒரு பக்கம் போனது. ஒரு தாள், இரண்டு, ஆறு. கை சுற்றுகிறபோது ஒன்று, சிக்கிட் என்று குனிகிறபோது ஒன்று. காப்பிக் கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்.

ஏழாவது தாளில் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

பார்த்ததுதான் தாமதம், கை இரண்டும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. கால் சேர்ந்தது, முகம் நேரானது, மூச்சு நின்றது. அசல் பாஸ்போர்ட் படம். சட்டத்துக்குள் போட்டு நான் மாட்டி வைத்த அதே ஆள். லாரி மட்டும் நிற்கவில்லை. அது பாட்டுக்கு மின்சாரப் பெட்டியை நோக்கிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது, டிரைவர் கண்ணாடியில் இவர் கையைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நிக்காதீங்க!” என்று கத்தினேன். “கைய ஆட்டுங்க! லாரிய பாருங்க!”

சந்தே திரும்பிப் பார்த்தது. அவருக்கு உயிர் வந்தது. ஒரே எட்டில் பின்னால் பாய்ந்து, “இஸ்டாப்! இஸ்டாப்!” என்று இரண்டு கையையும் வீசினார். லாரி நின்றது. பெட்டிக்கும் லாரிக்கும் நடுவில் என் நோட்டுப் புத்தகம்கூட நுழையாது. நான் அந்தப் பாய்ச்சலையும் வரைந்துவிட்டேன்.

மீனெல்லாம் இறங்கிய பிறகு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“எத்தனை நாளா?”

“சனிக்கிழமை மட்டும்தான்.”

“உண்மையச் சொல்லுங்க.”

“எல்லா நாளும்தான். ஏழாவது வாரத்திலேர்ந்து.” கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். “நடேசன ஏசாத சரசு. நான்தான் கெஞ்சினேன். ஒன்கிட்ட சொன்னா பயப்படுவே. ஆஸ்பத்திரில நீ அழுதத நான் பார்த்துட்டேன் லா.”

பத்து மாசமாக இந்த மனுஷன் இங்கே முழு ஆளாக இருந்திருக்கிறார். என் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான், நான் பயப்படக் கூடாது என்று, படமாக உட்கார்ந்திருக்கிறார். நான் ஏசவில்லை. நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். நாலு கோடு, அஞ்சு கோடு, அவ்வளவுதான்.

“நான் இவ்வளவு வேகமாவா இருக்கேன்?”

“இவ்வளவு வேகந்தான்.”

“அப்ப... இனிமே ஒன்கிட்ட சொல்லிட்டே செய்யலாமா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “மத்தியான மாத்திரைய மறக்கக் கூடாது. வெயில்ல தொப்பி போடணும். அந்தச் சாக்கடை விளிம்புல ஒத்தக் கால்ல நிக்கிறது மட்டும்...” என்று ஆரம்பித்தேன். நோட்டில் அந்த ஒத்தக் கால் இருந்தது. “சரி, நில்லுங்க” என்றேன்.

அவர் கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. என் காப்பிக் கோப்பை மேசை ஓரத்தில் இருக்கிறது, உள்ளே தள்ளு என்று விரலால் காட்டியது. தள்ளினேன்.

அங்கிருந்தே அண்ணிக்குப் போன் போட்டேன்.

“அண்ணி, படம் ரெடி.”

“மூஞ்சி நல்லா வந்திருக்கா? அந்தப் பழைய மூஞ்சி மாதிரி இல்லையே?”

“மூஞ்சியே இல்ல அண்ணி” என்றேன். “ஆள் இருக்காரு.”